மீனில் பாதி, நத்தையில் பாதி: தொட்டி மீன் ஒட்டுண்ணியின் வட்டத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழிகாட்டி

வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்பின் கீழ்வீட்டுப் பையன் ஒருநாள் ஜாம் போத்தலோடு வாசலில் வந்து நின்றான். உள்ளே ஒரு சின்னத் தங்கமீன். உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி.

"அண்ணா, மிளகு தூவின மாதிரி இருக்கு. மற்ற மீனுக்கும் தொத்துமா?"

இரண்டு வாரமாக நீல மருந்து ஊற்றியிருக்கிறான். தொட்டியில் இருந்த செடி செத்துவிட்டது, புள்ளி ஒன்றுகூடக் குறையவில்லை. மருந்தை விட்டுவிட்டு மீன் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அத்திடியவில் சித்தப்பா வீட்டுத் தோட்டத்தில் ஒரு சீமெந்துத் தொட்டி இருக்கிறதாம், அங்கிருந்துதானாம். பக்கத்தில் சதுப்பு நிலம், தொட்டிச் சுவரில் காலையில் கொக்கு வந்து நிற்கும், தொட்டி நிறைய நத்தை. சரி, உன் கண்ணாடித் தொட்டியில் நத்தை இருக்கிறதா? இல்லை. கொக்கு வருமா? இரண்டாம் மாடிக்கு எங்கே வருவது?

"அப்படியென்றால் தொற்றாது" என்றேன். அவன் நம்பவில்லை. ஏன் அவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்பதைப் புதிதாக மீன் வளர்க்கிற எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். மருந்துப் போத்தலைத் திறப்பதற்கு முன்னால் அந்த ஒட்டுண்ணியின் மறுபாதி எங்கே வாழ்கிறது என்று தேடுங்கள். பல நேரங்களில் மருந்தின் தேவையே இருக்காது. தேவைப்பட்டாலும், எந்த இடத்தில் கைவைப்பது என்று தெரிந்துவிடும்.

முதல் வேலை: ஒரு வீட்டுக்காரனா, இரண்டு வீட்டுக்காரனா?

புதிதாக வளர்ப்பவர்கள் முதலில் சந்திப்பது வெண்புள்ளி நோய். கடைகளில் வைட் ஸ்பொட் என்பார்கள். அந்த ஒட்டுண்ணிக்கு மீன் மட்டும் போதும். மீனின் தோலில் தின்று வளரும், கழன்று அடியில் விழும், கூடு கட்டிக்கொண்டு உள்ளே நூற்றுக்கணக்கில் பிரியும், பிரிந்த குட்டிகள் நீந்திப் போய் அடுத்த மீனைப் பிடிக்கும். எல்லாம் ஒரே தொட்டிக்குள் நடந்து முடிகிறது. கொழும்பின் வெப்பத்தில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடுவதால் ஒரு மீனில் கண்டதும் முழுத் தொட்டிக்கும் மருந்து போடுவது சரிதான்.

இரண்டு வீட்டுக்காரர்களின் கதை வேறு. பாடசாலை உயிரியலில் 'விருந்துவழங்கி' என்று படித்திருப்பீர்கள். ஒட்டுண்ணி முதிர்ந்து இனம் பெருக்குவது இறுதி விருந்துவழங்கியில், இடைப்பருவத்தைக் கழிப்பது இடை விருந்துவழங்கியில். இந்த வகை ஒரு மீனிலிருந்து நேரே இன்னொரு மீனுக்குப் போக முடியாது. நடுவில் ஒரு நத்தையோ புழுவோ கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு நீர்ப்பூச்சியோ வேண்டும். மலேரியா இதே மாதிரிதான். ஒரே அறையில் படுத்திருந்தாலும் நோயாளியிடமிருந்து பக்கத்துக் கட்டில்காரருக்கு அது தானாகப் போகாது, நடுவில் நுளம்பு வேண்டும். இலங்கை 2016 இல் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழைப் பெற்றது என்றால், அதற்காக நோயாளிக்கு மருந்து கொடுத்ததோடு நுளம்பையும் விடாமல் துரத்தினோம்.

தொட்டியில் ஒரு மீனுக்கு ஏதோ வந்தால் இரண்டு வாரம் நாட்குறிப்பு எழுதுங்கள். எத்தனை மீன், எந்தெந்த மீன், என்றைக்கு என்பது போதும். புள்ளியோ புழுவோ நாளுக்கு நாள் மற்ற மீன்களுக்குப் பரவினால் ஒரு வீட்டுக்காரனைச் சந்தேகியுங்கள். ஒன்றாக வாங்கி வந்த மீன்களில் மட்டும் இருந்து, கூடாமல் குறையாமல் அப்படியே நின்றால் பெரும்பாலும் இரண்டு வீட்டுக்காரன். பையனின் தங்கமீன் இரண்டாவது வகை.

இரண்டாவது: தாளை எடுத்து வட்டம் வரையுங்கள்

வட்டத்தின் ஒரு பக்கம் மீன், எதிர்ப்பக்கம் மற்ற விருந்துவழங்கி. இரண்டுக்கும் நடுவே மேலேயும் கீழேயும் ஓர் அம்புக்குறி. ஒட்டுண்ணி எப்படி மீனை விட்டுப் போகிறது, எப்படித் திரும்பி வருகிறது என்பதை அம்புக்குறிகளின் மேல் எழுத வேண்டும். வளர்ப்பவருக்கு இந்த இரண்டு அம்புகள்தான் முக்கியம். புழுவின் லத்தீன் பெயர் தெரியாவிட்டாலும் அம்பு தெரிந்தால் வேலை நடக்கும்.

பழகுவதற்குச் சங்குவினிகோலா என்ற தட்டைப்புழு நல்லது, ஏனென்றால் அதற்குச் சரியாக இரண்டே வீடுகள். முதிர்ந்த புழு கெண்டை இன மீன்களின் இரத்தக் குழாயில் வாழ்கிறது. முட்டைகள் இரத்தத்தோடு ஓடிச் செவுளின் நுண்குழாய்களில் சிக்கிக்கொள்ளும். செவுள் என்பது மீன் வாங்கும்போது சிவப்பாக இருக்கிறதா என்று தூக்கிப் பார்க்கிறோமே, அந்தப் பூதான். அங்கே முட்டை பொரிந்து குடம்பி செவுளைக் கிழித்துக்கொண்டு தண்ணீருக்கு வரும். வந்ததும் நத்தையைத் தேடிப் புகுந்து, உள்ளே பெருகி, வால் பிளந்த இன்னொரு குடம்பியாக வெளியேறும். இந்தப் பருவத்தின் பெயர் சேர்க்காரியா. அது மீனின் தோலைத் துளைத்து உள்ளே போனால் வட்டம் முடிந்தது. இரண்டு அம்புகளும் தண்ணீரில் நீந்துகின்றன. நத்தை இல்லாத தண்ணீரில் முதல் அம்பு போய்ச் சேர இடமில்லை.

கறுப்புப் புள்ளிக்கு வட்டத்தில் மூன்றாவதாக ஒரு பறவையையும் சேர்க்க வேண்டும். பறவையின் எச்சத்தில் முட்டை விழும், நத்தையில் பெருகும், மீனின் தோலில் கூடு கட்டிக் காத்திருக்கும். அந்த மீனைப் பறவை விழுங்கினால்தான் புழு முதிரும். கறுப்பு நிறம் புழுவினுடையது என்று பலரும் நினைக்கிறார்கள். அது மீனின் சொந்த நிறமி, அந்நியனைச் சுற்றி மீனே எழுப்பிய மதில். நீல மருந்து அந்த மதிலுக்குள் போகாது, போகவும் தேவையில்லை.

இன்னொரு வட்டம் நாடாப்புழுவினுடையது. ஆசிய மீன் நாடாப்புழு கெண்டை மீன்களோடு பயணம் செய்து உலகின் பல நாடுகளுக்குப் போய்விட்டது. அதன் முட்டை தண்ணீரில் பொரிந்து, சைக்ளொப்ஸ் என்ற ஒற்றைக்கண் நீர்ப்பூச்சியின் வயிற்றுக்குள் போகும். அந்தப் பூச்சியை மீன் தின்றால் குடலில் நாடாவாக வளரும். இங்கே திரும்பி வரும் அம்பு நீந்தவில்லை, உணவாக வருகிறது. நீந்தி வருகிறதா, வாய் வழியாக வருகிறதா என்பதை எப்போதும் குறித்துவையுங்கள், பின்னால் உதவும்.

புழுவும் மீனும்: என்னை மிகவும் கவர்ந்த வட்டம்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஜேர்மனியில் 1893 இல் ரெயின்போ டிரவுட் குஞ்சுகளில் ஒரு விசித்திர நோயைக் கண்டார்கள். குஞ்சுகள் வாலைத் துரத்துவது போலச் சுழன்று சுழன்று நீந்தின, வால் கறுத்தது. தலையின் குருத்தெலும்பை ஒரு நுண்ணிய ஒட்டுண்ணி தின்றுகொண்டிருந்தது. மிக்ஸோபோலஸ் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் நோயுற்ற மீனிலிருந்து எடுத்த வித்துகளை நல்ல மீனுக்குக் கொடுத்தால் நோய் வரவே இல்லை. வித்துகளைச் சேற்றில் பல மாதம் கிடக்கவிட்டால் மட்டும் வந்தது. சேற்றில் கிடந்து வித்து 'பழுக்கிறது' என்று விளக்கம் சொல்லிப் பார்த்தார்கள்.

விடை 1984 இல் கிடைத்தது. அமெரிக்காவில் கென் வுல்ப், மரியா மார்க்கிவ் என்ற இருவர், சேற்றில் வாழும் டியூபிபெக்ஸ் புழுவே அந்த மறுபாதி என்று காட்டினார்கள். மீன் வித்தைப் புழு தின்கிறது. புழுவின் குடற்சுவரில் வேறோர் உருவம் வளர்கிறது, மூன்று கை விரித்த நங்கூரம் போல. அது வெளியே மிதந்து வந்து மீனின் தோலில் ஒட்டி உள்ளே நுழைகிறது. அதுவரை புழுவில் இருந்ததை ஒரு வகுப்பு உயிரி என்றும் மீனில் இருந்ததை வேறொரு வகுப்பு உயிரி என்றும் புத்தகங்கள் தனித்தனியாக எழுதி வைத்திருந்தன. இரண்டும் ஒரே உயிரி. கடற்றொழிலாளர் சொறி என்று சொல்லும் ஜெலி மீனின் தூரத்து உறவு இது என்பதும் பின்னால் தெரிந்தது. ஜெலி மீன் கொட்டுவதற்கு வைத்திருக்கும் சுருள் நூலை இந்த நுண்ணுயிரி மீனில் ஒட்டிக்கொள்ளப் பயன்படுத்துகிறது.

சுழல் நோய் குளிர்ந்த நீரின் நோய், கொழும்புத் தொட்டிக்கு வரப்போவதில்லை. ஆனால் அதே கூட்டத்தைச் சேர்ந்த ஹோபரெல்லஸ் தங்கமீனின் சிறுநீரகத்தை வீங்கவைக்கும். அதன் மறுபாதியும் சேற்றுப் புழுக்களில்தான். வந்த பிறகு நம்பிப் போடத்தக்க மருந்து இல்லை. ஆகவே மீனுக்கு உணவாக டியூபிபெக்ஸ் வாங்கும்போது அந்தப் புழு எந்தக் கானில் அள்ளியது, அந்தக் கானில் மீன் இருந்ததா என்று யோசியுங்கள். சத்தான உணவுதான், மறுக்கவில்லை. ஆனால் தங்கமீன் வளர்ப்பவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பது என் முடிவு.

மூன்றாவது: உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?

வட்டம் வரைந்தாயிற்று. இனி வீட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும். கொழும்பு ஈரநிலங்களுக்கு நடுவே கட்டிய ஊர். 2018 இல் ராம்சார் என்ற உலக ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரமே கிடைத்தது. பேரை வாவியில் கூழைக்கடா, தியவன்னா ஓயாவில் நீர்க்காகம், வெள்ளவத்தைக் கால்வாய் ஓரத்தில் கொக்கும் மீன்கொத்தியும் என்று பறவைக்குப் பஞ்சமில்லை. பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. ஆனால் மீன் தொட்டி வைக்கும்போது அவற்றையும் வட்டத்தில் எழுத வேண்டியிருக்கிறது.

மொட்டைமாடியிலோ தோட்டத்திலோ திறந்த தொட்டி வைத்திருப்பவர்கள் காலை ஆறு மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். சுவரில் வெள்ளை எச்சம் இருந்தால் பறவை வருகிறது என்று அர்த்தம். பிறகு இரவில் டோர்ச் அடித்துப் பாருங்கள். பகலில் மணலுக்குள் ஒளிந்திருக்கும் திருகாணி போன்ற கூர்நத்தைகள் அப்போதுதான் கண்ணாடியில் ஏறும். மெலனொய்டஸ் என்ற இந்த நத்தை பலவகைத் தட்டைப்புழுக்களுக்கு இடம் கொடுப்பது. அமெரிக்காவில் புளோரிடாவின் அலங்கார மீன் பண்ணைகளில் செவுளைத் தாக்கும் ஒரு தட்டைப்புழு இந்த நத்தை வழியாகவே வந்து பெரிய தொல்லை கொடுத்திருக்கிறது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் எழுதுங்கள். குழாய்த் தண்ணீர் வடிகட்டிக் குளோரின் போட்டு வருவது, குளோரினைப் போக்கினால் போதும். கிணறு, குளம், கால்வாய் என்றால் சைக்ளொப்ஸ் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கால்வாயில் பிடுங்கிய செடி, கடையில் ஒரு பிடி வாங்கிய உயிருணவு, நண்பர் அன்பாகக் கொடுத்த நத்தை எல்லாம் பட்டியலில் வரட்டும்.

நான்காவது: நத்தையைக் கேட்டுப் பாருங்கள்

இது விருப்பமுள்ளவர்களுக்கு. ஆனால் ஒருமுறை செய்தால் மறக்கவே மாட்டீர்கள்.

இரவு முழுக்கத் திறந்த பாத்திரத்தில் வைத்த குழாய்த் தண்ணீரைச் சிறிய கண்ணாடிக் குவளைகளில் பாதியளவு ஊற்றுங்கள். குவளைக்கு ஒரு நத்தை. நத்தையை முதலில் நன்றாக அலசிவிடுங்கள், ஓட்டில் ஒட்டியிருக்கும் பூச்சிகள் பின்னால் குழப்பும். இரவு இருட்டில் வைத்துக் காலையில் வெளிச்சமான ஜன்னலோரம் கொண்டுவாருங்கள். நேர்வெயில் வேண்டாம், தண்ணீர் சுட்டுவிடும். பலவகைச் சேர்க்காரியாக்கள் வெளிச்சம் பட்டதும் நத்தையை விட்டு வெளியேறும். ஒன்றிரண்டு மணி நேரம் பொறுங்கள்.

பிறகு குவளைக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடித்து, பக்கவாட்டில் டோர்ச் அடியுங்கள். தூசி போல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அவை அசைகிற விதத்தைக் கவனியுங்கள். சைக்ளொப்ஸ் திடுக்கென்று தாவித் தாவிப் போகும். சேர்க்காரியா வாலைப் படபடவென்று அடித்து மேலே ஏறும், அப்படியே நின்று மெதுவாகக் கீழே இறங்கும், மறுபடி படபடக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லை இருந்தால் வாலே தெரியும். செட்டியார் தெருவில் நகைக்கடைக்காரர்கள் கல்லைப் பார்க்கக் கண்ணில் வைத்துக்கொள்கிறார்களே, அதே வில்லைதான்.

நான் முதன்முதலில் பார்த்தபோது ஒரே ஒரு நத்தையிலிருந்து புகை போல வந்துகொண்டே இருந்தது. எண்ண முயன்று கைவிட்டேன். ஒரு முட்டையில் தொடங்கியது நத்தைக்குள் தன்னைத்தானே படியெடுத்துப் பெருகி ஆயிரக்கணக்காகிவிடுகிறது. ஏன் ஒரே ஒரு நத்தைக்கு இவ்வளவு பயப்படச் சொல்கிறேன் என்பது அந்தக் குவளையைப் பார்த்தால் புரியும்.

விரலை உள்ளே விட வேண்டாம். பறவைகளுக்குரிய சில சேர்க்காரியாக்கள் தவறாக மனிதத் தோலில் நுழைந்து அரிப்பை உண்டாக்கும். பார்த்து முடிந்ததும் கொதிநீர் ஊற்றி, ஆறியபின் கொட்டிவிடுங்கள். ஒரு நாள் எதுவும் வரவில்லை என்பதால் நத்தை சுத்தம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. உள்ளே இன்னும் முதிராமல் இருக்கலாம், அது இரவில் வெளிவரும் வகையாகவும் இருக்கலாம். இரண்டு மூன்று வாரம் விட்டு மறுபடி பாருங்கள்.

ஐந்தாவது: எந்த அம்பை வெட்டுவது?

உங்களுக்கு எது சுலபமோ அதை வெட்டுங்கள், ஓர் அம்பு அறுந்தால் போதும். திறந்த தொட்டிக்கு வலை போட்டால் பறவை அம்பு போயிற்று. நத்தைக்கு இரவில் ஒரு கோவா இலையைத் தொட்டியில் போட்டு, காலையில் ஏறியிருப்பவற்றோடு தூக்கிவிடுங்கள். ஒரு வாரம் விடாமல் செய்ய வேண்டும். சீமெந்துத் தொட்டி என்றால் மீனை மாற்றிவிட்டு முழுவதும் வடித்து, அடிச்சேற்றை அள்ளி, நல்ல வெயிலில் நாட்கணக்கில் காயவிடுங்கள். நத்தை கொல்லும் செம்பு மருந்துகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். இறாலும் சில மீன்களும் சேர்ந்து சாகும், அழுகும் நத்தைகள் தண்ணீரைக் கெடுக்கும்.

புதிய செடிகளை மீன் இல்லாத வாளியில் சில நாள் வையுங்கள். நத்தையை விட்டு வந்த சேர்க்காரியா ஒன்றிரண்டு நாளுக்கு மேல் உயிரோடு இருக்காது. ஆனால் இலையின் அடியில் பசை போல ஒட்டியிருக்கும் நத்தை முட்டையை நகத்தால் சுரண்டி எடுக்காவிட்டால் அந்தக் காத்திருப்பு வீண்.

வாய் வழியாக வரும் அம்புக்குத் துணி போதும். நரம்புச் சிலந்தி நோய் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். காலிலிருந்து நூல் போலப் புழு வெளிவருவது. அந்தப் புழுவின் மறுபாதியும் சைக்ளொப்ஸில்தான். குடிதண்ணீரைத் துணியால் வடிகட்டச் சொல்லிக் கொடுத்ததே அதை விரட்டிய முக்கிய வழி. இந்தியா 2000 இல் அந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. கிணற்றுத் தண்ணீரைத் தொட்டிக்கு ஊற்றும்போது நெருக்கமாக நெய்த பருத்தித் துணியை நாலாக மடித்து வடிகட்டுங்கள், அதே வேலை நடக்கும்.

உயிருணவு வேண்டுமென்றால் ஆர்ட்டீமியா என்ற சின்ன இறால் வகையின் முட்டையை வாங்கி உப்புத் தண்ணீரில் பொரிக்க வையுங்கள். அது உப்பு நீருக்குரியது, நன்னீர் மீன்களின் இந்த வட்டங்களில் அதற்கு இடமில்லை. நுளம்புக் குடம்பியை வாளியில் வளர்த்துப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டெங்கு உள்ள ஊரில் அது செய்யவே கூடாத வேலை.

விதியை மீறும் ஒரு புழு

கப்பி, மொலி வளர்ப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மீனின் கழிவாயில் சிவப்பு நூல் போல இரண்டு மூன்று முனைகள் எட்டிப் பார்த்தால் அது கமல்லானஸ். முறைப்படி இதுவும் சைக்ளொப்ஸும் மீனும் என்று இரண்டு வீட்டுக்காரன்தான். ஆனால் தொட்டிகளில் சைக்ளொப்ஸ் கிடைக்காதபோது கமல்லானஸ் கொட்டி என்ற இனம் மீனிலிருந்து நேரே மீனுக்குப் போவதை ஆய்வில் கண்டிருக்கிறார்கள். முட்டையிடாமல் உயிருள்ள குட்டிகளை ஈனும் புழு இது. அடியில் விழுந்து நெளியும் அந்தக் குட்டிகளை மீன்கள் கொத்தித் தின்றுவிடுகின்றன.

ஆகவே 'நத்தை இல்லை, பூச்சி இல்லை, தொற்றாது' என்ற கணக்கு இந்தப் புழுவிடம் செல்லாது. மீனைத் தனியாக எடுத்து மருந்து போட்டால் போதாது, முழுத் தொட்டிக்கும் லெவமிசோல் என்ற புழு மருந்தைப் போட வேண்டும். லீற்றருக்கு 2 மில்லிகிராம், 24 மணி நேரம் என்பது வழக்கமான அளவு. முதல் முறை என்றால் மிருக வைத்தியரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். மருந்து புழுவை மரத்துப்போகச் செய்து வெளியே தள்ளும், குட்டிகள் அடியில் கிடக்கும். குழாய் வைத்து அடியை உறிஞ்சி எடுக்காவிட்டால் மருந்து போட்ட பயன் பாதிதான். இரண்டு மூன்று வாரத்தில் இன்னொரு முறை போடுங்கள்.

சமையலறையிலிருந்து வரும் கேள்வி

தொட்டியில் கைவிட்டால் புழு வருமா என்று அம்மாமார் கேட்பார்கள். மேலே சொன்ன மீன் புழுக்கள் தொட்டியில் கைவிடுவதால் மனிதக் குடலுக்கு வருபவை அல்ல. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் சரி, கையில் காயம் இருந்தால் தொட்டிக்குள் விட வேண்டாம். சந்தையில் வாங்கும் கடல் மீனின் வயிற்றில் சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழு வேறு. அதைக் குடலோடு அகற்றி, மீனை உள்வரை வேகவைத்தால் பயமில்லை. எலுமிச்சைச் சாறும் வினாகிரியும் அதைக் கொல்லாது, பச்சை மீன் சாப்பிடும் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்கவும்.

வட்டத்தை நீங்களே பூர்த்தி செய்துவிடாதீர்கள்

தொட்டி வேண்டாம் என்று முடிவெடுப்பவர்கள் மீனையும் நத்தையையும் கால்வாயில் விட்டுவிடுகிறார்கள். உயிரைக் கொல்லக் கூடாது என்ற நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் உங்கள் கண்ணாடித் தொட்டியில் மறுபாதி கிடைக்காமல் முடங்கிக் கிடந்த ஒட்டுண்ணிக்குக் கால்வாயில் நத்தை, சைக்ளொப்ஸ், கொக்கு எல்லாமே கிடைக்கும். கமல்லானஸும் ஆசிய நாடாப்புழுவும் தாயகம் தாண்டிப் பல நாட்டு ஆறுகளுக்குப் போனதற்கு மனிதர் கொண்டுபோய் விட்ட மீன்களே காரணம். இலங்கை ஓடைகளில் உலகில் வேறெங்கும் இல்லாத சின்ன மீன்கள் வாழ்கின்றன, அவற்றுக்கு இந்தப் புதுப் புழுக்களோடு பழக்கமில்லை. வேண்டாத மீனை இன்னொரு வளர்ப்பாளரிடம் கொடுங்கள். செத்த மீனைக் காகத்துக்கும் கொக்குக்கும் வீசாமல் பூந்தொட்டி மண்ணில் ஆழப் புதையுங்கள். தொட்டித் தண்ணீரைக் கானில் ஊற்றாமல் செடிக்கு ஊற்றுங்கள்.

கீழ்வீட்டுப் பையனின் தங்கமீன் இப்போது உள்ளங்கை அளவு வளர்ந்துவிட்டது. புள்ளிகள் அப்படியே இருக்கின்றன, அந்தக் கூடுகள் மாதக்கணக்கில் நிற்கக்கூடியவை. பக்கத்தில் நீந்தும் மூன்று மீன்களிலும் ஒரு புள்ளிகூட இல்லை. போன வாரம் அத்திடியவிலிருந்து ஒரு டப்பாவில் ஆறு நத்தைகளைக் கொண்டுவந்து, "அண்ணா, குவளை இருக்கா?" என்று கேட்டான்.